வட்டாரத் திறந்தவெளியும் உள்ளாட்சிகளும்: சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் அனுபவம்

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றி 9 கவுண்டிகளும் 101 நகரங்களும் இருக்கின்றன. கவுண்டி என்பது பரப்பில் தமிழ்நாட்டு மாவட்டத்தைப் போன்றது. ஆனால் அதை நடத்துவது ஆட்சியர் அல்லர்; மக்கள் தேர்ந்தெடுக்கும் மேற்பார்வையாளர் குழு. நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் அதிகாரம் கவுண்டிக்கும் உண்டு, நகரங்களுக்கும் உண்டு. எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இந்தப் பெருநகர்ப் பரப்பின் முதுகுப்புறத்தில் குன்றுகள் கிடக்கின்றன. கோடையில் வைக்கோல் நிறம், மழை விழுந்தபின் பசும்புல். பள்ளங்களில் ஓக் மரங்கள், கடலை நோக்கிய சரிவுகளில் ரெட்வுட் காடு. கணினித் தொழில் உலகெங்கிலுமிருந்து ஆட்களை இழுத்துக்கொண்ட ஒரு பகுதியில், மனை விலை விண்ணைத் தொடும் ஓரிடத்தில், இந்தக் குன்றுகளில் வீடு ஏறவில்லை. அது தற்செயலாக நிகழ்ந்ததன்று. 1934 முதல் உள்ளாட்சிகளும் வாக்காளர்களும் வரி கொடுத்தும், விதி போட்டும், சில வேளை வழக்கில் தோற்றும் காத்த நிலம் அது.

வட்டாரத் திறந்தவெளி என்று இங்கே சொல்லப்படுவது ஊர்ப் பூங்கா அன்று. ஊர்ப் பூங்காவுக்கு ஓர் எல்லை உண்டு, ஒரு நகராட்சி உண்டு, அதன் பயனும் பெரும்பாலும் அந்த ஊருக்குள்ளேயே தங்கும். ஒரு மலைத்தொடரோ, ஆற்றுப் பள்ளத்தாக்கோ, சதுப்புக் கரையோ அப்படி அடங்காது. குன்றின் உச்சி ஒரு நகரத்தில் இருக்கும். அதில் பெய்த மழை இன்னொரு நகரத்தின் ஓடையில் இறங்கும். அதில் பற்றிய தீ மூன்றாவது நகரத்தின் கூரைக்குத் தாவும். ஞாயிற்றுக்கிழமை அதில் நடக்க வருபவர் நான்காவது நகரத்தில் வரி கட்டுபவர். எனவே ஒரு கேள்வி எப்போதும் எழுகிறது: செலவை யார் தலையில் வைப்பது? விரிகுடாப் பகுதியின் எண்பது, தொண்ணூறு ஆண்டு வரலாறு முழுவதும் இந்தக் கேள்விக்கு உள்ளாட்சிகள் சொன்ன விடைகளின் வரலாறுதான்.

முதல் விடை பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் வந்தது. விரிகுடாவின் கிழக்குக் கரை நகரங்களுக்குக் குடிநீர் வழங்கிய வாரியம், 1929-இல் பார்டீ அணை கட்டி முடிந்து மொக்கலம்னி ஆற்று நீர் வரத் தொடங்கியதும், உள்ளூர்க் குன்றுகளில் தான் வைத்திருந்த நீர்ப்பிடிப்பு நிலங்களில் ஒரு பகுதி இனித் தேவையில்லை என்று கண்டது. மனைகளாகப் பிரித்து விற்றிருந்தால் அவை அன்றே போயிருக்கும். இயற்கை ஆர்வலர்களும் நகரத் தலைவர்களும் அவற்றைப் பொதுநிலமாக வைக்க வேண்டும் என்றார்கள். ஓம்ஸ்டட் சகோதரர்களின் நிறுவனமும் ஆன்செல் ஹால் என்பவரும் 1930-இல் அதற்கொரு திட்ட அறிக்கை தந்தனர். தனித்தனி நகராட்சி இதைச் செய்ய முடியாது என்பதால், பல நகரங்களைத் தழுவி, பூங்காவுக்கென்றே வரி திரட்டும் ஒரு தனி உள்ளாட்சியை, அதாவது ஒரு பூங்கா மாவட்டத்தை, அமைக்க மாநிலச் சட்டம் வழிசெய்தது. 1934 நவம்பரில் ஓக்லாந்து, பெர்க்லி, அலமீடா முதலிய 7 நகரங்களின் வாக்காளர்கள் கிழக்கு விரிகுடா வட்டாரப் பூங்கா மாவட்டத்தை ஏற்றார்கள். நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 5 சென்ட் புதிய வரி. வேலையில்லாமல் தெருவில் நின்றவர்கள் நிறைந்த காலத்தில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அந்த வரிக்குச் சம்மதம் என்று வாக்களித்தது சாதாரணச் செய்தி அன்று.

அந்த வாக்கெடுப்பில் விடுபட்டவர்களையும் குறிப்பிட வேண்டும். அடுத்துள்ள கான்ட்ரா கோஸ்டா கவுண்டியின் மேற்பார்வையாளர் குழு, வாக்குச்சீட்டில் இதைச் சேர்க்கவே இணங்கவில்லை. குன்றின் ஒரு சரிவில் மாவட்டம் பிறந்தது. மறு சரிவு வெளியே நின்றது. அந்தக் கவுண்டியின் பெரும்பகுதி உள்ளே வர 1964 ஆயிற்று. ஓர் உள்ளாட்சி ‘வேண்டாம்’ என்றால் முப்பது ஆண்டு போய்விடும் என்பதற்கு இது ஒரு கணக்கு. இன்று அந்த மாவட்டம் 1,25,000 ஏக்கர் அளவுக்கு நிலத்தைப் பராமரிக்கிறது.

விரிகுடாவின் மேற்குப் பக்கத்தில் கதை இன்னும் சிக்கலானது, பாடமும் அதிகம். பாலோ ஆல்ட்டோ நகரத்தின் எல்லை விசித்திரமானது. விரிகுடாவின் சதுப்பில் தொடங்கி, நடுவில் ஒடுங்கி, மலைமுகடு வரை நீளும் ஒரு பட்டை அது. 1950-களின் இறுதியில் ரஸ்ஸல் லீ என்ற மருத்துவர் குன்றடியில் தமக்கிருந்த ஏறத்தாழ 1,300 ஏக்கரை, ஏக்கர் ஆயிரம் டாலருக்கு நகரத்துக்கு விற்க முன்வந்தார். அந்நிலத்தை ஒட்டியிருந்த லாஸ் ஆல்ட்டோஸ் ஹில்ஸ், போர்ட்டோலா வேலி ஆகிய ஊர்களிடம் பங்கு கேட்கப்பட்டது. அவை தரவில்லை. பாலோ ஆல்ட்டோ தனியாகவே வாங்கியது. 1965-இல் ஃபூட்ஹில்ஸ் பூங்கா திறக்கப்பட்டது. நகரவாசிகளுக்கும் அவர்கள் அழைத்துவரும் விருந்தினருக்கும் மட்டுமே அனுமதி. வாசலில் ஒரு சாவடி, அதில் ரேஞ்சர். வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பாலோ ஆல்ட்டோ முகவரி உள்ள அட்டையைக் காட்டினால் உள்ளே. இல்லையென்றால் திரும்பிப் போக வேண்டும். விதியை மீறி நுழைவது தண்டனைக்குரிய குற்றம் என்று நகரச் சட்டம் சொன்னது.

காசு கொடுக்காதவருக்கு இடமில்லை என்ற வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அது யாரைத் தடுத்தது என்று பார்த்தால் அந்த நியாயம் நிற்காது. பங்கு தர மறுத்த பணக்கார ஊர்களுக்கு வேறு குன்றுகள் இருந்தன. நெடுஞ்சாலைக்கு அப்பால் இருந்த கிழக்குப் பாலோ ஆல்ட்டோவின் கறுப்பின, லத்தீன் குடும்பங்களிடம் யாரும் பங்கு கேட்கவே இல்லை. பழைய வீட்டு விற்பனை முறைகள் அவர்களைப் பாலோ ஆல்ட்டோவுக்குள் குடியேற விடாமல் செய்திருந்தன. பூங்கா விதி அதே கோட்டை மலைமேலும் இழுத்தது. 2020-இல் மனித உரிமை அமைப்புகள் வழக்குத் தொடர்ந்தன. அவ்வாண்டு டிசம்பரில் பூங்கா எல்லாருக்கும் திறக்கப்பட்டது. திறந்து 55 ஆண்டுக்குப் பிறகு!

இதே நகரம்தான், அதே காலத்தில், வட்டாரம் முழுமைக்குமான விடையையும் தேடிக்கொண்டிருந்தது. பூங்காவுக்கு வெளியே குன்றடியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் தனியார் நிலம் இருந்தது. அங்கே வீட்டுமனைத் திட்டங்கள் வரிசையில் நின்றன. லிவிங்ஸ்டன், பிளேனி என்ற திட்ட வல்லுநர்களின் நிறுவனத்தை நகரம் ஓர் ஆய்வுக்கு அமர்த்தியது. 1971-இல் வந்த அந்த ஆய்வு, வீடு கட்ட விடுவதா, நிலத்தை வாங்கி அப்படியே விடுவதா என்று கணக்குப் போட்டுப் பார்த்தது. மலைமேல் வீடு வந்தால் நகரத்துக்கு வரி வரும். ஆனால் சாலை, குழாய், கழிவுநீர், தீயணைப்பு, காவல், பள்ளி எல்லாம் மேலேற வேண்டும். வரவைவிடச் செலவு மிகுதி. பெரும்பாலான நிலத்தில், விலை கொடுத்து வாங்கிச் சும்மா வைத்திருப்பதே நகரத்துக்கு மலிவு என்று ஆய்வு முடிவு சொன்னது. வளர்ச்சி என்றாலே கஜானா நிரம்பும் என்று நம்பியிருந்த நகராட்சிகளுக்கு இது பெரிய திருப்பம். அழகையோ ஆரோக்கியத்தையோ சொல்லி நிலத்தைக் காக்க முயன்றவர்களுக்குக் கணக்கேடும் கைகொடுத்தது.

ஆனால் நகரம் வாங்குவதற்கு முன் விதி போட்டது. 1972-இல் குன்றடியைத் திறந்தவெளி வகைப்பாட்டில் சேர்த்து, 10 ஏக்கருக்கு ஒரு வீடு என்று வரம்பு கட்டியது. நிலச்சொந்தக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். பொதுமக்களுக்குப் பூங்கா வேண்டுமென்றால் விலை கொடுத்து வாங்கு, விதியைப் போட்டு எங்கள் நிலத்தை மடக்காதே என்பது அவர்கள் வாதம். அரஸ்ட்ரா நிறுவனத்தின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் நகரத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சமரசத்தில் நகரம் ஏறத்தாழ 75 லட்சம் டாலர் கொடுத்து அந்நிலத்தை வாங்கிக்கொண்டது. இன்று அரஸ்ட்ரடேரோ காப்பகம் என்று மக்கள் நடந்து திரியும் புல்வெளி அப்படி வந்ததுதான். கட்டுப்பாட்டு விதி நிலத்தைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கும். நிரந்தரமாகக் காக்க வேண்டுமென்றால் பணம் வேண்டும் என்பதை மற்ற நகரங்கள் இந்த வழக்கிலிருந்து கற்றன.

ஒரு நகரத்தின் பணம் போதாது என்பதும் தெளிவாகியிருந்தது. நோனெட் ஹாங்கோ என்ற பாலோ ஆல்ட்டோப் பெண்மணி முன்னின்று நடத்திய இயக்கத்தின் விளைவாக, 1972 நவம்பரில் சாண்டா கிளாரா கவுண்டியின் வடமேற்குப் பகுதி மக்கள் ஒரு வட்டாரத் திறந்தவெளி மாவட்டத்துக்கு வாக்களித்தனர். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே மேல் ஆதரவு. 1976-இல் சான் மட்டேயோ கவுண்டியின் தென்பகுதி சேர்ந்தது. விரிகுடாவுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தீபகற்பத்தின் நடுப்பகுதியில் அமைந்த அந்த மாவட்டம் இன்று 17 நகரங்களைத் தழுவியது. தொகுதிக்கு ஒருவராக மக்கள் தேர்ந்தெடுக்கும் 7 பேர் குழு அதை நடத்துகிறது. அதன் பொறுப்பில் 65,000 ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளது. நுழைவுக் கட்டணம் இல்லை; முகவரி கேட்பாரும் இல்லை. மூடிய வாசலும் திறந்த மாவட்டமும் ஒரே நகரத்தின் சிந்தனையிலிருந்து, ஏழாண்டு இடைவெளியில் பிறந்தவை.

1978-இல் எல்லாக் கணக்கும் மாறியது. கலிபோர்னியா வாக்காளர்கள் ஏற்ற 13-ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் நூற்றுக்கு ஒன்று என்று கட்டிப்போட்டது. குறித்த நோக்கத்துக்கான வரி என்றால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றது. நூறு டாலருக்கு 10 சென்ட்டில் தொடங்கிய தீபகற்ப மாவட்டம், 1.7 சென்ட் அளவிலான பங்கோடு வாழப் பழக வேண்டியதாயிற்று. அதன்பின் ஒவ்வொரு பெரிய முயற்சிக்கும் வாக்காளரிடம் போய் நிற்பது வழக்கமானது. கிழக்கு மாவட்டம் 1988-இல் 22.5 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கும், 2008-இல் 50 கோடி டாலருக்கும் ஒப்புதல் பெற்றது. தீபகற்ப மாவட்டம் 2014-இல் 30 கோடி டாலருக்கு ஒப்புதல் பெற்றது; அதற்கான வரி லட்சம் டாலர் மதிப்புக்கு ஆண்டில் 3 டாலர் 18 சென்ட்டைத் தாண்டாது என்று வாக்குறுதி தந்தது.

2008 பத்திரத்தில் ஒரு நுட்பம் இருந்தது. 50 கோடியில் கால் பங்கு, அதாவது 12.5 கோடி, மக்கள்தொகைக் கணக்குப்படி நகரங்களுக்கும் உள்ளூர்ப் பூங்கா அமைப்புகளுக்கும் பிரித்துத் தரப்பட்டது. எங்கோ இருக்கும் குன்றுக்கு எங்கள் ஊர் ஏன் தர வேண்டும் என்று கேட்ட சமவெளி நகரத்துக்கு விளையாட்டுத் திடலும் நிழல்மரமும் கிடைத்தன. வட்டாரத்துக்குக் குன்று கிடைத்தது. உள்ளாட்சியின் ஆதரவை வெறும் தீர்மானமாக வாங்காமல் பங்காளியாக்கி வாங்கிய முறை இது. மற்ற இடங்களில் இன்னும் பரவலாகப் பின்பற்றப்பட வேண்டியது.

வடக்கே சொனோமா கவுண்டி வேறு வழி போனது. 1990-இல் கால் சென்ட் விற்பனை வரி. 2006-இல் அது 2031 வரை நீட்டிக்கப்பட்டது. அந்தப் பணத்தில் நிலத்தை முழுதாக வாங்குவதைவிட, அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் விலைக்கு வாங்குவதே அதிகம். நிலம் விவசாயியிடமே இருக்கும். மாடு மேயும், திராட்சை விளையும். பிள்ளைகளுக்குப் போகும், விற்கவும் செய்யலாம். மனையாகப் பிரிக்க மட்டும் யாராலும் முடியாது. அந்தத் தடை பத்திரத்தோடு சேர்ந்தே கைமாறும். மரின் கவுண்டி 1970-களின் தொடக்கத்தில் 60 ஏக்கருக்கு ஒரு வீடு என்று மேற்குப் பண்ணை நிலங்களுக்கு விதி போட்டது. விதி மட்டும் போதாது என்று 1980-இல் அங்கே ஒரு விளைநில அறக்கட்டளை தோன்றி, இதே உரிமை வாங்கும் வேலையைச் செய்தது.

மாநில அரசின் துணை நம்பகமானதாக எப்போதும் இருந்ததில்லை. 1965-இன் வில்லியம்சன் சட்டப்படி, பத்தாண்டு நிலத்தைப் பயிர்த்தொழிலுக்கே வைத்திருப்பேன் என்று ஒப்பந்தம் செய்யும் விவசாயிக்குச் சந்தை மதிப்பில் இல்லாமல் விளைச்சல் மதிப்பில் வரி. கவுண்டிக்கு வரும் இழப்பை மாநிலம் ஈடுசெய்து வந்தது. 2009 நிதி நெருக்கடியில் அந்த ஈட்டுத்தொகை ஏறக்குறைய நின்றுபோனது. ஒப்பந்தங்கள் கவுண்டிகளின் தோளில் தங்கின.

பல உள்ளாட்சிகள் ஒரே நிலத்துக்காகக் கைகோத்ததற்குச் சிறந்த சான்று சான் ஹோசேயின் தெற்கே உள்ள கயோட்டி பள்ளத்தாக்கு. 1980-களிலிருந்து அது தொழிற்பேட்டைக்கென்று நகரத் திட்டத்தில் குறிக்கப்பட்டிருந்தது. 2000-ஐ ஒட்டி சிஸ்கோ நிறுவனம் 20,000 ஊழியருக்கான வளாகத்தை அங்கே திட்டமிட்டது. கணினிச் சந்தை சரிந்ததும் கைவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பள்ளத்தாக்கின் வேறு பயன்கள் தெரிய வந்தன. சாண்டா குரூஸ் மலைக்கும் டயப்லோ தொடருக்கும் இடையே காட்டு விலங்குகள் கடக்க எஞ்சியிருக்கும் ஒடுங்கிய பாலம் அது. வெள்ளம் வந்தால் தேங்கி நிற்கும் பள்ளமும் அதுவே. 2017 பிப்ரவரியில் கயோட்டி ஓடை கரையுடைத்து சான் ஹோசே நகருக்குள் புகுந்தது. 14,000 பேர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அந்த நீரைக் கண்ட நகரம் 2018-இல் 65 கோடி டாலர் பொதுப்பணிக் கடன் பத்திரத்தை வாக்குக்கு வைத்தபோது, பள்ளத்தாக்குக்கும் அதில் இடம் ஒதுக்கியது. 2019 நவம்பரில் 937 ஏக்கர் ஏறத்தாழ 9.3 கோடி டாலருக்கு வாங்கப்பட்டது. பாதியளவு பணம் நகரத்துடையது; மீதியில் பெரும்பகுதி 1977 முதல் இயங்கும் தீபகற்பத் திறந்தவெளி அறக்கட்டளை தந்தது; 1993-இல் மாநிலச் சட்டத்தால் அமைந்த சாண்டா கிளாரா பள்ளத்தாக்குத் திறந்தவெளி ஆணையமும் பங்கு போட்டது. 2021-இல் நகர மன்றம் பள்ளத்தாக்கின் தொழில் வகைப்பாட்டை நீக்கியது. வெள்ளத்தடுப்புச் செலவாக நிலத்தை வாங்கலாம் என்பதை ஒரு பெருநகரமே ஏற்றது இதில் கவனிக்கத்தக்கது. ஏரியையும் சதுப்பையும் மனையாக்கிவிட்டு மழைநாளில் படகு தேடிய சென்னைக்கு இந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கடலோரத்தில் எதிர்ப்பு விவசாயிகளிடமிருந்து வந்தது. 2004-இல் தீபகற்ப மாவட்டம் சான் மட்டேயோ கடற்கரைக்கு விரிந்தபோது, கட்டாயமாக நிலம் எடுப்பார்களோ என்று அவர்கள் அஞ்சினார்கள். அப்பகுதியில் நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை மாவட்டம் விட்டுக்கொடுத்தது. விற்க விரும்புபவரிடம் மட்டுமே வாங்குவதென்று விவசாயிகள் சங்கத்தோடு உடன்பட்டது. அதிகாரத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு பொது அமைப்பு வளர்ந்தது இங்கேதான்.

இன்னொரு குறை இன்றுவரை தீரவில்லை. குன்றுகளை மூடிய நகரங்கள் சமவெளியில் அடுக்குமாடிக்கும் இடம் தர மறுத்தன. ஆசிரியரும் செவிலியரும் தச்சரும் கிழக்கு விளிம்பிலுள்ள ஆல்ட்டமாண்ட் கணவாய்க்கு அப்பால் குடியிருந்து, விடியுமுன் கார் ஏறி வருகிறார்கள். இதற்குக் குன்றைப் பழிப்பது தவறு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று மாடி எழவிடாத நகரத் திட்டங்களே காரணம். ஆனால் திறந்தவெளியைப் பேசுபவர் வீட்டையும் சேர்த்துப் பேசாவிட்டால், அடுத்த வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காது.

நிலத்தை வாங்கியபின் அன்றாடப் பாடு தொடங்குகிறது. ஃப்ரீமான்ட் நகரத்தின் மிஷன் பீக் சிகரத்தில் சனி, ஞாயிறு காலைகளில் ஏறுபவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. சிகரத்தை நிர்வகிப்பது வட்டார மாவட்டம். அடிவாரத் தெருக்கள் நகரத்துடையவை. வண்டி நிறுத்த இடமின்றி வீட்டு வாசல்களை அடைத்த கூட்டத்தால் குடியிருப்போர் அவதிப்பட்டார்கள். நகரம் தெருக்களில் அனுமதிச் சீட்டு முறை கொண்டுவர நேர்ந்தது. பயன் வட்டாரத்துக்கு, நெரிசல் ஒரு தெருவுக்கு என்ற இந்த ஏற்றத்தாழ்வு எல்லா இடத்திலும் உண்டு.

கூப்பர்ட்டீனோவை ஒட்டிய ரான்ச்சோ சான் அன்டோனியோ காப்பகத்தில் இதற்கு நேர்மாறான காட்சி. ஓடையோரமாக ஒரு மைலுக்குச் சற்று மேல் நடந்தால் டீர் ஹாலோ பண்ணை வருகிறது. வேலிக்குள் ஆடுகள், பன்றிகள், கோழிகள், ஒரு மாடு, பழைய மரக் கொட்டகை, காய்கறிப் பாத்தி. பால் பெட்டியில் மட்டுமே பால் கண்ட பள்ளிப் பிள்ளைகள் மடியைக் கண்டு வாய்பிளக்கும் இடம். நிலம் வட்டார மாவட்டத்துடையது. பண்ணையை நடத்துவதோ மவுண்டன் வியூ நகராட்சி. தன் எல்லைக்கு வெளியே, எல்லா ஊர்ப் பிள்ளைகளும் வரும் ஒரு பண்ணைக்கு ஒரு நகராட்சி ஆண்டுதோறும் ஆள் போட்டுச் செலவழிக்கிறது. மாவட்டமும் கவுண்டியும் தோள் கொடுக்கின்றன. தொகை சிறியது. வாசலில் அட்டை கேட்ட ஃபூட்ஹில்ஸ் சாவடிக்குச் சில மைல் தொலைவில்தான் இதுவும் இருக்கிறது.

விரிகுடாவின் சதுப்புக் கரைக்காக 2016-இல் ஒன்பது கவுண்டிகளும் சேர்ந்து முதன்முறையாக ஒரே வரியை ஏற்றன. மனை ஒன்றுக்கு ஆண்டுக்கு 12 டாலர், 20 ஆண்டுக்கு. குடிசைக்கும் பெருநிறுவன வளாகத்துக்கும் அதே 12 டாலர் என்பது அதன் பலவீனம். எல்லாக் கவுண்டி வாக்கும் ஒன்றாக எண்ணப்பட்டு எழுபது விழுக்காட்டளவு ஆதரவு பெற்றது அதன் பலம்.

எல்லாவற்றிலும் கடினமானது தீ. 1991 அக்டோபரில் ஓக்லாந்து மேட்டில் பற்றிய தீ 25 பேரைக் கொன்றது. ஏறத்தாழ 3,000 வீடுகளை எரித்தது. வீட்டு வேலிக்கும் காட்டுக்கும் நடுவே யார் புல் அறுப்பது, நட்டுவிட்ட தைல மரத் தோப்பை யார் குறைப்பது என்பவை அதன்பின் நகரங்களுக்கும் பூங்கா மாவட்டத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் பொதுவான கேள்விகளாயின. ஓக்லாந்து, பெர்க்லி, ரிச்மண்ட் முதலிய நகரங்களின் மக்கள் 2004-இல் வீட்டுக்கு ஆண்டுக்கு 12 டாலர் வரியை ஏற்றார்கள். 2018-இல் அதை மேலும் 20 ஆண்டுக்கு நீட்டித்தார்கள். புல் காயத் தொடங்கும் பருவத்தில் குன்றுகளின் தெருவோரச் சரிவுகளுக்கு ஆட்டு மந்தைகள் வருகின்றன. பெயர்த்து நடக்கூடிய வேலி அடைப்புக்குள் நூற்றுக்கணக்கான ஆடுகள் புல்லையும் முட்புதரையும் தரைமட்டமாகக் கடித்துத் தீர்க்கின்றன. ஒரு சரிவு முடிந்ததும் மேய்ப்பர் வேலியைப் பிடுங்கி அடுத்த சரிவில் நடுகிறார். கிடை போடும் ஊர்களில் வயலுக்கு எரு சேர்ப்பதற்காகச் செய்வதை, இங்கே கடைசித் தெருவின் கூரைகளுக்குத் தீ எட்டாதிருக்கச் செய்கிறார்கள்.